அப்பாவின் தூண்டிலுக்கு உரிமம் வேண்டுமா?

டெக்சாஸ், ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 71, ஆறு மாதம் இருப்பார். அக்டோபரில் காடோ லேக் மாநிலப் பூங்காவில் கேபின் எடுத்திருக்கிறோம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர், தண்ணீரைப் பார்த்தால் தூண்டில் போடாமல் இருக்க மாட்டார். 65 தாண்டினால் உரிமம் வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். கணவரின் உரிமத்திலேயே பிடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி? பெட்டியில் ஒரு வீச்சுவலை வேறு கொண்டுவந்திருக்கிறார். மாட்டினால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்றும் பயமாக இருக்கிறது. நண்பர் ஒருவர் மான் வேட்டைக்கும் அழைத்திருக்கிறார்.

இரண்டு நண்பர்கள் சொன்னதும் தப்பு. ஆனால் பூங்காவுக்குள் கரையில் உட்கார்ந்து மட்டும் பிடிப்பார் என்றால் உங்களுக்கு உரிமச் செலவே இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 65 கதை. டெக்சாஸில் 65 வயதானவர்களுக்குக் கிடைப்பது விலைத் தள்ளுபடி, அதுவும் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. வயதைக் காரணமாக வைத்து உரிமமே வேண்டாம் என்பது 1931 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர்களுக்குத்தான். அதாவது தொண்ணூறைத் தாண்டிய தாத்தாக்களுக்கு. பதினேழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் வேண்டாம், ஆகவே பேரன் பிடிக்கலாம், தாத்தா பிடிக்கக் கூடாது என்கிற வேடிக்கை உங்கள் வீட்டில் நடக்கும். உரிமம் ஆளுக்கு ஆள் தனி. கணவர் பையில் உரிமம் இருக்க, தூண்டில் மாமனார் கையில் இருந்தால், மீன்பிடி, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் பார்ப்பது கையைத்தான். "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கச் சொன்னேன் சார்" என்கிற வசனத்தை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

இப்போது நல்ல செய்தி. டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்றோ, அங்குள்ள மீன்பிடி மேடையில் நின்றோ தூண்டில் போட யாருக்கும் உரிமம் தேவையில்லை. சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் இது பொருந்தும். இதில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன். காடோவில் சா மில் பாண்ட் என்று ஒரு குளம், அதில் ஒரு மரமேடை. அந்த மேடையில் அப்பா நாள் முழுக்க உட்காரலாம். மதியம் போரடித்து, வாடகைக்குத் தோணி எடுத்துக்கொண்டு, பாசி தொங்கும் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில் போய்த் தூண்டிலை இறக்கினால் அந்தச் சலுகை போயிற்று. பூங்காவை விட்டு வெளியே வந்து, வழியில் பாலத்தடியில் கார் நிறுத்திப் போட்டாலும் போயிற்று. காலையில் செல்லுபடியான அதே தூண்டில், அதே மனிதர், மதியம் குற்றம். உரிமம்தான் வேண்டாமே தவிர, எத்தனை மீன், எத்தனை அங்குலம் என்ற அளவு விதிகள் மேடையிலும் உண்டு. பாஸ் மீனுக்குக் காடோவில் தனிக்கணக்கு இருக்கிறது, உரிமம் தரும் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் அவுட்டோர் ஆனுவல் என்ற விதிகள் செயலியில் ஏரியின் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தோணி ஏறுவதாக இருந்தால் ஒருநாள் உரிமம் வாங்குங்கள். வெளியூர்க்காரருக்கு 16 டாலர், குடியிருப்பவருக்கு 11. உங்கள் கணவர் வேலை மாறி டெக்சாஸ் வந்து ஆறு மாதம் தாண்டவில்லை என்றால் அவரும் வெளியூர்க்காரர்தான், வீடே வாங்கியிருந்தாலும். உரிமமில்லாமல் மாட்டினால் அபராதம் 25 முதல் 500 டாலர் வரை. விசாவைப் பற்றிப் பயந்து கேட்டிருக்கிறீர்கள். பதினாறு டாலரை மிச்சம் பிடித்து, பிறகு ஏதோ ஒரு படிவத்தில் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் நிலை எதற்கு?

எங்கே வாங்குவது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். கூகுளில் டெக்சாஸ் மீன்பிடி உரிமம் என்று தேடினால் முதலில் வருவது விளம்பரம். நட்சத்திரம், கொடி, மாநில வரைபடம் எல்லாம் இருக்கும், அட்டை எண் கேட்கும், கடைசியில் உரிமம் எடுப்பது எப்படி என்று ஒரு பிடிஎஃப் வந்து சேரும். இப்படி அரசு சேவை மாதிரி தளம் நடத்தி வெறும் வழிகாட்டி விற்ற ஒரு கூட்டத்தின் மேல், நுகர்வோரைப் பாதுகாக்கும் கூட்டாட்சி அமைப்பான எஃப்டிசி 2019-இல் வழக்கே போட்டது. என்னிடம் வகுப்புக்கு வந்த ஒருவர் அப்படி வாங்கிய பிடிஎஃப்பை அச்சடித்து, லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தார், பாவம். துறையாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், போலித் தளம் எச்சரிக்கை என்பார்கள், அவர்களுடைய கேபின் முன்பதிவுப் பக்கமே அரசுத் தளம்போல டாட் கவ் என்று முடியாமல் டாட் காம் என்று முடியும். சாதாரண மனிதர் எதை நம்புவார்? அதனால் தேடவே தேடாதீர்கள். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் முகப்புப் பக்கத்துக்கு நேராகப் போய் அங்கிருந்து உள்ளே நுழையுங்கள். அதைவிட எளிது, அப்பாவின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வால்மார்ட்டில் தூண்டில் விற்கும் பகுதிக்குப் போவது. வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வாங்கினால், அப்பாவிடம் இல்லாத சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்டு நிற்கும். மீனுக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கட்டாதவர்களைப் பிடிக்க 90-களில் வந்த கூட்டாட்சிச் சட்டம். யாரையோ பிடிக்க விரித்த வலையில் உங்கள் அப்பா.

கேபின் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். அறை வாடகை வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு, ஆள் கணக்கில் தினமும் விழும். 70 டாலர் வருடப் பாஸ் இருந்தால் ஒரே காரில் வருபவர்களுக்கு நுழைவு இலவசம், வாடகை குறையாது. வாட்ஸ்அப் குழுவில் "எங்களால் போக முடியல, தேதி வேணுமா" என்று கூடுதல் விலைக்கு வரும் கேபின்களை வாங்காதீர்கள். ரத்தாகும் இடங்கள் முன்பதிவுத் தளத்திலேயே திரும்ப வரும், ராத்திரி ஒருமுறை காலையில் ஒருமுறை பாருங்கள்.

நண்பர் மான் வேட்டைக்கு அழைத்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவது கூட்டாட்சிச் சட்ட விவகாரம். அப்பாவை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கடைசியாக வீச்சுவலை. டெக்சாஸில் தடை இல்லை. ஆனால் விட்டம் 14 அடிக்கு மேல் போகக் கூடாது, கேம் ஃபிஷ் என்று சட்டம் தனியாக ஒதுக்கிவைத்த மீன்களின் பட்டியலில் இல்லாதவற்றை மட்டும்தான் எடுக்கலாம். நம்ம கெளுத்திக்கு இங்கே உள்ள சொந்தக்காரன் சேனல் கேட்ஃபிஷ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வலையில் கொழுத்த கெளுத்தி விழுந்து, அதை அப்பா கையாலேயே திரும்பத் தண்ணீரில் விடச் சொல்ல உங்களுக்குத் தெம்பு இருந்தால் எடுத்துப் போங்கள், அதுவும் பூங்காவுக்கு வெளியே, உரிமத்தோடு. பூங்காவுக்குள் தூண்டில் மட்டும் போதும். வலை பெட்டியிலேயே இருக்கட்டும்.