கறுப்புத் தாளுக்குள் ஒரு மின்தூக்கி

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. இருவரும் பாலர் பள்ளியிலிருந்து வாரம் தவறாமல் படங்களும் கைவேலைகளும் கொண்டுவருகிறார்கள். வீட்டிலும் வரைந்து தள்ளுகிறார்கள். நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் பொங்கோலில், நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. வைக்க இடமே இல்லை. போன வாரம் என் கணவர் ஒரு கட்டுப் படங்களை அப்படியே குப்பையில் போட்டுவிட்டார். மகள் அதைப் பார்த்துவிட்டு, தேநீர்க் கறை படிந்த தன் படத்தை வெளியே எடுத்துக்கொண்டு அழுதாள். என் மாமியாரோ, "காகிதம் சரஸ்வதி, எதையும் எறியாதே" என்கிறார். எதை வைப்பது, எதை விடுவது, வைப்பதை எப்படிக் காப்பாற்றுவது?
- பொங்கோல் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்தத் தேநீர்க் கறைப் படம் இப்போது எங்கே இருக்கிறது? எங்கே இருந்தாலும் எடுத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைத்து, ஒரு கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். அது நமக்கு வேண்டும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் கணவருக்காக ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை வாரத்துக்கு ஐந்து தாள் என்று வைத்தாலும், பள்ளி நடக்கும் 40 வாரத்தில் 200 தாள். இரண்டு பிள்ளைகளுக்கு 400. இதில் வீட்டில் வரைவது சேரவில்லை. நாலறை வீட்டில் அவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் போட்டதுதான் தப்பு. மாமியார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். பிள்ளை கைப்பட்ட தாளைக் கசக்கி எறிய அவருக்கு மனம் வராது. எனக்கும் வராது.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகனுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு தாள் முழுக்கக் கறுப்பு கிரேயானால் தேய்த்துக் கொண்டுவந்தான். விளிம்புவரை கறுப்பு. அழுத்தித் தேய்த்ததில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருந்தது. 'என்னமோ கோபத்தில் கிறுக்கியிருக்கிறான், இதை விட்டுவிடலாம்' என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டேன், "இது என்னடா கண்ணா?" அவன் சொன்னான்: "இது லிஃப்ட்டும்மா. கதவு சாத்திருச்சு. நம்ம எல்லாரும் உள்ள இருக்கோம்." அந்த வரியை அப்படியே பின்பக்கம் பென்சிலால் எழுதி, தேதியையும் போட்டு வைத்தேன். தேசிய சேவைக்கு (இளைஞர்களுக்கான கட்டாய ராணுவப் பணி) போவதற்கு முதல் நாள் அவன் அலமாரியை ஒழுங்குபண்ணும்போது அந்தத் தாள் கிடைத்தது. முன்பக்கம் பார்த்தான், ஒன்றும் விளங்கவில்லை. திருப்பிப் பார்த்தான். அப்புறம் ரொம்ப நேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

அதனால் எதை வைப்பது என்று கேட்டால் என் முதல் பதில் இதுதான்: பிள்ளை கதை சொன்ன படத்தை வையுங்கள். அழகான படத்தைவிட அது பெரிது. படத்தை நீட்டும்போதே "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், "இதில் என்ன நடக்குது?" என்று கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னால் கலந்தே எழுதுங்கள். 2பி போன்ற மெத்தென்ற பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மார்க்கர் ஊறிப் பாயும்.

அடுத்தது, பிள்ளையிடம் ஒரு மாற்றம் தெரிகிற படம். குழந்தைகள் வரைவதில் ஒரு வரிசை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளியில் வேலை பார்த்த ரோடா கெல்லாக் என்ற அம்மையார் உலகின் பல மூலைகளிலிருந்தும் லட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைச் சேர்த்துப் பார்த்தார். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகிறது என்று காட்டினார். முதலில் வெறும் கிறுக்கல். மூன்று வயதை ஒட்டிக் கோடு வளைந்து வந்து தன் வாலையே பிடித்துக்கொள்கிறது, வட்டம் பிறக்கிறது. கொஞ்ச நாளில் அந்த வட்டத்துக்குக் கண் வருகிறது, அப்புறம் தலையிலிருந்தே நேராக இரண்டு கால் முளைக்கிறது. உடம்பே இல்லாத அந்த மனிதனை உங்கள் மகன் இப்போது வரைந்துகொண்டிருப்பான், அல்லது அண்மையில்தான் விட்டிருப்பான். தேடிப் பார்த்து ஒன்றையாவது எடுத்துவையுங்கள். வயிறு வந்துவிட்டால் அந்த மனிதன் திரும்பி வரமாட்டான்.

உங்கள் மகள் வயதில் தாளின் அடியில் ஒரு பச்சைக் கோடு, உச்சியில் ஒரு நீலக் கோடு வரும். நிலத்துக்கும் வானத்துக்கும் நடுவே வெறும் காற்று. முதன்முதலாகக் கோடு போட்டு அதன்மேல் எல்லோரையும் நிற்கவைத்த படம், முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதிய தாள் (ஓர் எழுத்து திரும்பி நின்றால் இன்னும் நல்லது), ஆண்டுக்கு ஒரு கைத்தடம், இவற்றை எடுத்துவையுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் வரைகிற அடுக்குமாடி புளோக்குகள், கீழ்த்தளத்துப் பூனை, எம்ஆர்டி ரயிலுக்கு எண்ணிப் போட்ட கதவுகள், இவையும்.

மனம் வருந்தாமல் விடக்கூடியவை நிறைய இருக்கின்றன. அச்சடித்த படத்துக்குள் வண்ணம் அடித்த தாள்கள். ஆசிரியர் வெட்டித்தந்த செம்மறியாட்டில் பிள்ளை பஞ்சு ஒட்டியது. ஒரே மாதிரி இருபது வானவில் இருந்தால் இரண்டு போதும். மக்கரோனி, அரிசி, பருப்பு ஒட்டிய எதையும் வைக்கவே வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். வண்டு வரும், எறும்பு வரும், கரப்பான் வரும்.

நடைமுறைக்கு வருவோம். கூடத்தில் சோபாவுக்கு அடியில் போகிற மாதிரி ஒரு தட்டையான பெட்டி. வருகிற எல்லாம் முதலில் அதற்குள். சுவரில் ஒரு கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பில் பிள்ளைக்கு மூன்று படம் தொங்கட்டும். புதிது வந்தால் பழையது இறங்கும், எது இறங்குவது என்று பிள்ளையே சொல்லட்டும். கயிறு வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியே நடைபாதையில் வேண்டாம். வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம். கழுவினால் போகிற மார்க்கர் மையும் வண்ணத் தாளும் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பெட்டி நிறைந்ததும், மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். அப்போது "எதைத் தூக்கிப் போடலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் "எதையும் இல்லை" என்றுதான் சொல்லும். "எது ஃபைலுக்குப் போகணும்?" என்று கேளுங்கள். மகள் அழகாகத் தேர்ந்தெடுப்பாள். மகனுக்கு நாலு வயதுதான். அவன் இரண்டு எடுக்கட்டும், நீங்கள் ஒன்று எடுங்கள்.

ஃபைல் என்றது ஏ3 அளவு கிளியர் ஹோல்டர், உள்ளே பிளாஸ்டிக் உறைகள் வைத்துத் தைத்த ஃபைல். புத்தகக் கடைகளில் கிடைக்கும். 20 உறை இருந்தால் முதுகோடு முதுகாக 40 படம் வைக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. வாங்கும்போது உறை பாலிப்ரோப்பிலின்தானா என்று பாருங்கள். பிவிசி உறை நாளடைவில் கிரேயானோடும் அச்சு மையோடும் ஒட்டிக்கொள்ளும். கிரேயான், ஆயில் பேஸ்டல் படங்களுக்கு மேலே, கேக் சுடும்போது தட்டில் போடுகிற பேக்கிங் பேப்பரை வெட்டி வைத்தால் எதிர்ப் படத்தில் ஈஷாது. கெட்டியாகப் பூசிய போஸ்டர் கலர் படங்களைச் சுருட்டாதீர்கள், வண்ணம் செதில் செதிலாக உதிரும். லேமினேட் செய்யத் தோன்றும். வேண்டாம். சூட்டில் கிரேயான் உருகும், அப்புறம் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் சில ஆண்டுகளில் பழுப்பாகிக் கறையாக இறங்கிவிடும்.

எங்கே வைப்பது என்பதில்தான் சிங்கப்பூரில் பலரும் தவறுகிறோம். நான் மூத்தவளின் படங்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி பாம் ஷெல்ட்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டு பாதுகாப்பு அறையில், வைத்திருந்தேன். தடித்த சிமெண்டுச் சுவர், இரும்புக் கதவு, பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. இரண்டு ஆண்டு கழித்துப் பிரித்தபோது பாதித் தாளில் பூஞ்சை. பசை தடவிய இடங்களை வெள்ளிப்பூச்சி வரிவரியாகத் தின்றிருந்தது. அவளுடைய முதல் வட்டம் அதோடு போனது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

நம் ஊர்க் காற்றில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரம் வெளியேறாது. அதனால் ஷெல்ட்டர் வேண்டாம், கழிவறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். நீங்கள் தினமும் திறக்கிற படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு நல்லது. ஃபைலைப் படுக்கவைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகச் சேர்க்கிற டப்பா வைத்தால் அது ஃபைலுக்குக் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்துக் கவிழ்ந்தால் எல்லாம் போச்சு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து புரட்டுங்கள்.

பாச்சை உருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள், மாமியார் பழக்கத்தில் போடச் சொன்னாலும் கூட. சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது கிட்டவே ஆகாது, ரத்த அணுக்கள் உடையும். சிங்கப்பூரில் பிறக்கிற குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபைலுக்குப் போகாததைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் தரையில் போட்டு, கைபேசியை நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். பெட்டியில் செய்த ரயில், கோபுரம் மாதிரி பெரிய கைவேலைகளைப் பிள்ளை கையில் பிடித்திருக்கும்படி எடுங்கள், அப்போதுதான் அளவு தெரியும். அதைப் பற்றிப் பிள்ளை பேசுவதையும் இருபது நொடி காணொளியாகப் பிடித்துவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவது எளிது.

மீதியைக் குப்பைக் குழாய்க்கு அனுப்புமுன் யாருக்காவது கொடுக்கப் பாருங்கள். ஊரில் தாத்தா பாட்டி இருந்தால் நாலு ஏ4 தாள் சேர்ந்தாலும் 20 கிராம்தான், தபாலில் போய்ச் சேரும். பெரிய வண்ணப் படங்கள் பிறந்தநாள் பரிசுக்கு உறையாகும். தீபாவளிக்கு அவற்றையே மடித்து ஒட்டி, காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை செய்து கொடுத்தால் வாங்குகிறவர்கள் காசை எடுத்துக்கொண்டு உறையை எறிய மாட்டார்கள். அதற்கும் மிஞ்சியதில் வெறும் கிரேயான், பென்சில் தாள்கள் நீல மறுசுழற்சித் தொட்டிக்குப் போகட்டும். கிளிட்டர், பஞ்சு, கெட்டி வண்ணம் ஒட்டியவை மறுசுழற்சிக்கு ஆகாது.

மாமியாரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் அந்த ஆண்டின் ஃபைலை அவர் மடியில் வைத்து, பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் புரட்டச் சொல்லுங்கள். பூஜையன்று அது புத்தகங்களோடு சாமி முன்னால் இருக்கட்டும். மீதித் தாள்கள் வெளியே போவது அதன்பிறகு அவருக்கும் அவ்வளவு உறுத்தாது என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் தேசியக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போய்வாருங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். குழந்தைகளுக்கென்றே கெப்பல் கலைக்கல்வி மையம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் சின்ன அட்டையில் வரைந்தவர் பெயர், ஆண்டு, எந்த வண்ணத்தால் வரைந்தது என்று எழுதியிருப்பதை மகளுக்குக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து தன் படத்துக்கும் அப்படி ஓர் அட்டை எழுதுவாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள்.

சரி, அந்தத் தேநீர்க் கறைப் படம். இந்த ஆண்டு ஃபைலின் முதல் உறை அதற்குத்தான். கறையைத் துடைக்க வேண்டாம். உங்கள் கணவரே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா உன்னைக் கேட்காமப் போட்டுட்டேன், மன்னிச்சிரும்மா. இதில் என்ன நடக்குது, சொல்லு" என்று கேட்கட்டும். பென்சில் அவர் கையில் இருக்கட்டும். அவள் சொல்லச் சொல்ல அவர் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு, உறைக்குள் வைக்கட்டும். அவள் என்ன சொன்னாள் என்று முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா