தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டுமே தெரியும். அவரைப் பற்றி ஆவணங்களில் எப்படித் தேடுவது?

பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஒரே பெயரில் எத்தனையோ முனுசாமிகள் கப்பலேறியிருக்கிறார்கள். எழுத்தர்களும் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். முதலி அங்கே மூட்லி ஆனது, கவுண்டர் கோவெண்டர் ஆனது இப்படித்தான்.

தேட வேண்டியது எண்ணை. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் துறைமுகமான டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே போய் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். திருமணம், பிள்ளைப்பேறு, இறப்பு என்று பின்னால் வரும் பதிவுகளிலும் அந்த எண்ணைப் பார்க்கலாம். வீட்டில் பழைய காகிதம் எது இருந்தாலும் பெயருக்கு அருகே எண் தென்படுகிறதா என்று பாருங்கள்.

எண் கிடைத்தால் கப்பல் பதிவேட்டில் அவருக்குரிய வரியைக் கண்டுபிடித்துவிடலாம். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் புகைப்படமே கிடையாது. அவருடைய இடது புருவத்தில் தழும்பு இருந்தது என்பதை அந்த ஒரு வரிதான் எங்களுக்குச் சொன்னது. அதைப் படித்தபோது நான் அழுதேன்.

அந்த வரியோடு நின்றுவிட வேண்டாம். மேலும் கீழும் உள்ள எண்களையும் படியுங்கள். மனைவி, தம்பி, பக்கத்து ஊர்க்காரர் என்று சேர்ந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே பதிவாகியிருப்பார்கள். குடும்பக் கதைகளில் பெயரே இல்லாமல் போய்விட்ட பெண்களை நான் அங்கேதான் கண்டேன். இந்தத் தேடலில் மிக முக்கியமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊர்ப்பெயரைப் பழைய எல்லைகளோடு பொருத்துங்கள். ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களைப் பாருங்கள். ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்தையும் விடாதீர்கள். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான்.

வந்திறங்கிய ஆண்டும் நிறையச் சொல்லும். முதல் ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. 1895-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஒப்பந்தமானவர் என்றால், அது முடிந்தபின் சுதந்திர மனிதராக அங்கே தங்குவதற்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. 1914-இல்தான் அது நீங்கியது. மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், அதற்கு இந்த வரியே காரணமாக இருந்திருக்கலாம்.

கப்பல் பதிவேடுகளுக்கு டர்பன் ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள். கடிதம் எழுதும்போது தகப்பன் பெயரையும், உத்தேசமாகவேனும் வந்த ஆண்டையும் குறிப்பிடுங்கள்.