ஜூன், ஜூலையில் எந்தக் கடலில் இறங்கலாம்?

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு புதுச்சேரியில் ஸ்கூபா பயின்று ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றேன். அதன் பிறகு கடலில் இறங்கும் வாய்ப்பே அமையவில்லை. இப்போது வேலை மாறும் இடைவெளியில், ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை, ஆறு வாரம் ஓய்வு கிடைக்கிறது. வெதுவெதுப்பான கடல் உள்ள ஊருக்குத் தனியாகப் போய், ஆசை தீர டைவ் செய்துவிட்டு வர விரும்புகிறேன். விமானக் கட்டணம் உட்பட இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது. அந்தமான், மாலத்தீவு, தாய்லாந்து என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தனியாகப் போவதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நாட்காட்டியே சொல்லிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசிக்குள் அந்தமானைத் தொட்டுவிடும். அதன் பிறகு சுவராஜ் தீவுக்கு, அதாவது நாம் இன்னமும் ஹேவ்லாக் என்றே அழைத்துக்கொண்டிருக்கும் தீவுக்கு, செல்லும் படகுகள் ரத்தாவதும் கடல் கலங்கிப் போவதும் வாடிக்கை. உங்கள் விடுப்பு ஜனவரியில் வாய்த்திருந்தால் நான் எழுதும் பதிலே வேறாக இருந்திருக்கும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வேண்டும் என்பதோடு, ஜூனில் அங்கும் கடல் கொந்தளிப்புதான். தாய்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள சிமிலன் தீவுகளைத் தேசியப் பூங்கா நிர்வாகமே மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடிவிடுகிறது. மாலத்தீவை யாரும் மூடுவதில்லை. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகிய பிறகு அங்கே தங்கும் செலவும் குறைந்திருக்கிறது. ஆயினும் அங்கு பெரும்பாலான டைவ்களுக்குப் படகில்தான் போக வேண்டும். வரியும் சேவைக் கட்டணமும் பில்லில் தனியாக ஏறும். ஒரு வாரத்துக்கு அது நல்ல ஊர். ஆறு வாரத்துக்கு உங்கள் பணம் தாங்காது.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், தாய்லாந்து வளைகுடாவில் கோ தாவ், மலேசியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய பெர்ஹென்தியான் தீவுகள், இலங்கையில் திருகோணமலை, பாலித் தீவின் வடகிழக்குக் கரை ஆகிய நான்கும் மிஞ்சுகின்றன. கடைசியாகச் சொன்ன கரையில், அமெட், துலாம்பென் என்னும் இரண்டு அடுத்தடுத்த ஊர்களையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். காரணம், பணம் எங்கே கரைகிறது என்பதில் இருக்கிறது. டைவ் கட்டணத்தில் பெரும்பங்கு படகுக்கும் அதன் எரிபொருளுக்கும் போகிறது. கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய இடமாக இருந்தால் அந்தச் செலவு விழுவதில்லை. விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் குறைவான டிக்கெட்டில் போய், ஒவ்வொரு டைவுக்கும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், முதல் வாரத்திலேயே அந்த மிச்சம் காணாமல் போய்விடும்.

துலாம்பெனில் கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் தொலைவில் ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகி இந்தக் கரையில் ஒதுக்கப்பட்ட கப்பல் அது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்துவிட்டது. ஏறத்தாழ 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் ஆழம் வரை அது கிடப்பதால், 18 மீட்டர் வரை இறங்கும் தகுதி பெற்ற நீங்களும் அதன் பெரும்பகுதியைப் பார்க்கலாம். தென் பாலியிலிருந்து ஒரு நாள் பயணமாக வரும் கூட்டம் காலை ஒன்பது, பத்து மணிக்குத்தான் வந்து சேரும்; உள்ளூரில் தங்கியிருப்பவர் விடிந்ததும் இறங்கி, நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகக் கப்பலை விட்டுக் கிளம்புவதைப் பார்த்துவிட்டுக் கரையேறிவிடலாம். கரை முழுவதும் உருண்டையான கருங்கற்கள். அலை அடிக்கும்போது அவை காலுக்கடியில் உருளும். உள்ளூர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் காற்று சிலிண்டரைச் சுமந்தபடி அந்தக் கற்களின் மீது தடுமாறாமல் நடந்து போவார்கள். நமக்கு அது கைவராது. ஆகவே, வெறுங்காலில் மாட்டும் துடுப்புகளை விட்டுவிட்டு, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் அதன்மேல் பட்டை போட்டு இறுக்கும் துடுப்புகளும் வேண்டும் என்று டைவ் சென்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தங்குவதற்கு அமெட் மேல். துலாம்பெனில் இருட்டிய பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் கிடைப்பது அரிது. லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. அமெட்டில் வீட்டோடு சேர்ந்த தங்கும் அறைகள் நிறைய உண்டு, அங்கும் கரையிலிருந்தே இறங்கலாம், வேண்டிய நாளில் டைவ் சென்டரின் வண்டியே துலாம்பெனுக்கு அழைத்துச் செல்லும். சைவம் என்றால் கவலை வேண்டாம். சோறும் காயும் சோயா மொச்சையில் செய்யும் தெம்பேயும் எந்தச் சிறு உணவகத்திலும் கிடைக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். உபகரண வாடகையும் வழிகாட்டியும் சேர்த்து ஒரு கரை டைவுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ரூபாய் ஆகும். பத்து, இருபது என்று மொத்தமாகப் பேசினால் குறைப்பார்கள். நாற்பது டைவ் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் ரூபாய். அறைக்கு நாளொன்றுக்கு 1,500 வீதம் 63,000, சாப்பாட்டுக்கு 800 வீதம் 34,000, விமானத்துக்கு 40,000 என்று போட்டால் 2,37,000 ஆகிறது. பெங்களூருவிலிருந்து பாலியின் தலைநகரான டென்பசாருக்கு நேரடி விமானம் இருப்பதால் இடையில் எங்கும் தங்கும் செலவு இல்லை. வந்திறங்கியதும் பெறும் விசாவுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபாய், அதாவது நம் பணத்தில் மூவாயிரத்துக்குள். அது 30 நாளுக்குத்தான் செல்லும். ஆறு வாரம் இருக்க வேண்டுமானால் கெடு முடியும் முன்பே, கையில் சில நாட்கள் வைத்துக்கொண்டு, ஒருமுறை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆக, உங்கள் தொகை இழுத்துப் பிடித்தால் போதும். இழுபறியானால் டைவ் எண்ணிக்கையைக் குறையுங்கள், காப்பீட்டைக் குறைக்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, ஸ்கூபாவை அடியோடு விலக்கிவிடும் அல்லது ஆழ வரம்பு வைக்கும். டைவர்களுக்கென்றே உள்ள காப்பீட்டைத் தனியாக எடுப்பது நல்லது. அழுத்தம் சட்டென்று குறையும்போது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வருவது டிகம்ப்ரஷன் நோய்; அதற்கு வேண்டிய அழுத்த அறைச் சிகிச்சைக்கு அமெட்டிலிருந்து டென்பசாருக்குத்தான் போக வேண்டியிருக்கும். அந்தச் சிகிச்சையின் கட்டணத்தைக் கைப்பணத்தில் சமாளிக்க முடியாது.

வெதுவெதுப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஜூன், ஜூலையில் வடகிழக்குப் பாலியின் நீர் பெரும்பாலும் 26, 27 பாகையில் இருக்கும். குளியலறையில் அது இதமாகத் தோன்றலாம். ஆனால் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சும், நாள்தோறும் இரண்டு முறை ஒரு மணி நேரம் அதில் இருப்பவருக்கு மூன்றாம் நாளே நடுக்கம் தெரியும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடற்சூட்டைக் காக்கும் டைவ் உடை) கேட்டு வாங்குங்கள். தெற்கே உள்ள நூசா பெனிடாவில் அந்த மாதங்களில் ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழும், நீரோட்டமும் கடுமை. அங்கே போகும் ஆசையை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம்.

வாரத்தில் நான்கைந்து நாளுக்கு மேல் இறங்காதீர்கள். நீண்ட டைவ் பயணங்களைக் கெடுப்பது சுறாவும் அன்று, புயலும் அன்று, காது. நாள் முழுவதும் உப்புநீரில் ஊறும் காதில் கிருமி பிடித்தால் ஒரு வாரம் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கரையேறியதும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி உலர்த்துங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம். உடல்நலப் படிவத்தில் எந்தக் கேள்விக்காவது ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருந்தால், மருத்துவர் கையொப்பத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் அம்மாவின் கவலைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். தனியாகப் பயணம் போவது வேறு, தனியாகக் கடலுக்குள் இறங்குவது வேறு. இரண்டாவதை நீங்கள் செய்யப் போவதில்லை என்று அவரிடம் உறுதியாகச் சொல்லலாம். அமெட்டில் ஒரு வழிகாட்டிக்கு ஒருவரோ இருவரோதான் பெரும்பாலும் வருவார்கள். முன்பின் அறியாத ஒருவரோடு இணை சேர்த்தால், இறங்கும் முன் சைகைகளையும், எவ்வளவு காற்று மிஞ்சும்போது திரும்புவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிட உயர்ந்த சான்றிதழ் வைத்திருந்தாலும் ஆழத்தைத் தீர்மானிப்பது உங்கள் 18 மீட்டர்தான். டைவ் கம்ப்யூட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றாலும், ஆறு வாரம் உங்கள் உடம்பில் சேரும் நைட்ரஜனுக்குக் கணக்கு வைப்பது அதுதான். அதற்கான பணத்தைப் பத்து டைவைக் குறைத்து எடுத்தாலும் தவறில்லை. முதல் நாள், பயின்றதை நினைவூட்டும் வகுப்பு ஒன்று கேளுங்கள். இரண்டு ஆண்டு இடைவெளி என்றால் நல்ல சென்டர்கள் தாமாகவே அதைக் கேட்கும், கேட்காத இடத்தைத் தவிர்க்கலாம்.

மற்ற மூன்றையும் ஒதுக்கிவிடவில்லை. பேச்சும் கூட்டமும் இல்லாமல் ஆறு வாரம் இருக்க முடியாது என்று தோன்றினால் கோ தாவுக்குப் போங்கள். படகில் போனாலும் ஒரு டைவுக்கு 1,000 பாட் அளவில்தான் ஆகும், உலகெங்குமிருந்து பயில வருபவர்களால் தனிமையே தெரியாது. பெர்ஹென்தியான் அழகுதான், இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். திருகோணமலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கடல் அமைதியாக இருக்கும்; தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம்; பாடல் பெற்ற தலமான கோணேசுவரத்தின் பாறைக்கு அடியில், போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்றூண்கள் கிடக்கின்றன. 1950களில் டைவர் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்றை நீருக்கடியில் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். பத்து நாள் பயணம் என்றால் யோசிக்காமல் அங்கேதான் அனுப்புவேன். ஆறு வாரத்துக்கு வேண்டிய அளவு வகைவகையான இடங்கள் அங்கே இல்லை.

திரும்பும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள். வாடகைக் காரில் உபுட் பக்கம் போவதானால், கிந்தாமணி வழியாக வேண்டாம், கடற்கரைச் சாலையிலேயே போகட்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அந்த மலைமுகடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஏன் என்பது அடுத்த கடிதத்துக்கான பதிலில் இருக்கிறது.

கேள்வி: கர்நாடகக் கடலோரத்து முருதேஷ்வர் போய் ஞாயிறு காலை நேத்ராணித் தீவில் இரண்டு டைவ் செய்துவிட்டு, அன்று இரவுப் பேருந்தில் ஏறித் திங்களன்று அலுவலகம் போய்விடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விமானத்தில் ஏறக் கூடாது என்பது தெரியும், பேருந்துதானே?
– ஒரு வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: பேருந்தானாலும் அது மலை ஏறுகிறது. நாம் வாழும் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதை இங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள். டைவுக்குப் பின் பறப்பது பற்றிய வழிகாட்டுதல், ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஏறினாலே பொருந்தும். காற்றழுத்தம் குறைவதுதான் சிக்கல், ஏறிய வாகனம் எதுவாக இருந்தால் என்ன? ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமும் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் ஒரு மணிக்கு நீங்கள் கரையேறினால், 18 மணி நேரம் முடியும்போது திங்கள் காலை ஏழு. உங்கள் பேருந்தோ விடியும் முன்பே தும்கூரைத் தாண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பெடுத்துப் பகலிலேயே போய்ச் சேர்ந்து, இரவு நன்றாகத் தூங்கி, சனிக்கிழமை இறங்குங்கள். ஞாயிறு முருதேஷ்வர் சிவனைப் பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் ஏறினால் கணக்குச் சரியாக வரும். மே கடந்தால் படகு இல்லை, அக்டோபர் வரை பொறுக்க வேண்டும்.