யாருடைய பிழை?

அன்புள்ள ஐயா,

ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் நினைவுக் கல்லில் 'அமைதியாக உறங்குங்கள்; பிழை மீண்டும் நேராது' என்று பொறித்திருப்பதாகப் படித்தேன். குண்டைப் போட்டவன் ஒருவன்; வெந்து செத்தவன் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசுகிறான். இது என்ன நியாயம்? யார் செய்த பிழை என்று சொல்லத் துணியாத கல்லை அமைதியின் சின்னம் என்று எப்படி ஏற்பது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்தக் கல் திறக்கப்பட்டது 1952 ஆகஸ்ட் 6 அன்று. அதே ஆண்டு நவம்பரில் அங்கே போன ராதாபினோத் பாலும் இதைத்தான் கேட்டார். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட ஜப்பானியத் தலைவர்கள் எல்லோரையும் விடுவிக்கச் சொல்லி மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி அவர். குண்டைப் போட்டது ஜப்பானியர் கை இல்லையே என்பது அவர் வாதம். வாசகத்தை எழுதிய பேராசிரியர் சாய்கா தடாயோஷி, ஹிரோஷிமாவாசிகள் உலகக் குடிமக்களாகவும் நின்று பேசுகிறார்கள் என்று பதில் சொன்னார். பிறகு மாநகராட்சி ஒரு விளக்கப் பலகையே வைக்கவேண்டியதாயிற்று. அதுவும் போதவில்லை. 2005இல் ஒருவர் உளியோடு வந்து 'பிழை' என்ற சொல்லை மட்டும் கொத்திச் சிதைத்தார்.

ஆனால் நீங்கள் படித்த மொழிபெயர்ப்பிலேயே கோளாறு இருக்கிறது. 'நேராது' என்றால் அது மழை பெய்யாது என்பதைப் போல, யாருக்கும் பொறுப்பில்லை. மூலத்தில் இருப்பது ஒருவர் செய்கிற வினை. ஜப்பானிய வினைமுற்றில் நான், நீ, அவர் என்று காட்டும் விகுதி கிடையாது. எழுவாயை விட்டுவிட்டால் 'திரும்பச் செய்யாமல் இருப்பது' யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தமிழில் முடியாது. எழுவாயை ஒளித்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். நான் பெயர்த்தால் 'பிழையைத் திரும்பச் செய்யமாட்டோம்' என்பேன். 'நாங்கள் செய்யமாட்டோம்' என்றாலும் 'நாம் செய்யமாட்டோம்' என்றாலும் அதே ஓம்தான். அந்த ஊர்க்காரர்கள் மட்டுமா, வாசித்துக்கொண்டு நிற்கிற நீங்களும் நானும் சேர்த்தியா என்ற கேள்வியைத் தமிழ் மூடிவிடாமல் வைத்திருக்கிறது. (இலக்கணத்தை நன்றியோடு நினைக்கிற சந்தர்ப்பம் அபூர்வமாகத்தான் வாய்க்கிறது.)

இன்னொன்று, அதை வெறும் கல் என்று நினைக்கவேண்டாம். அது ஒரு கூரை. கட்டடக் கலைஞர் டாங்கே கென்சோ, பழங்கால மண்வீட்டுப் பொம்மைகளின் வடிவில் அதை வளைத்தார். செத்தவர்கள் மழையில் நனையக்கூடாது என்று. அடியில் ஒரு கற்பெட்டி, அதற்குள் பெயரேடுகள். குண்டுக்கு ஆளாகிப் பிறகு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வோர் ஆகஸ்ட் 6 அன்றும் சேர்க்கிறார்கள். எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. மூன்று லட்சம் தாண்டிவிட்டது, இன்னும் முடியவில்லை. கூரைக்கு முன்னால் நின்று பார்த்தால் உள்வளைவுக்குள் ஒரே கோட்டில் ஒரு சுடரும், அதற்கப்பால் குண்டுக்குத் தப்பி நின்ற கட்டடத்தின் எலும்புக்கூட்டுக் கோபுரமும் தெரியும். அந்தச் சுடர் 1964இல் ஏற்றியது. உலகில் கடைசி அணு ஆயுதம் ஒழிகிற அன்று அணைப்பதாக ஏற்பாடு. நினைவுச் சுடர்களை அணையாவிளக்கு என்றுதான் நாம் பெருமையாகச் சொல்வோம். இது அணைவதற்காகக் காத்திருக்கிறது. எதிரியின் பெயரை வெட்டிவைத்த கல்லுக்கு முன்னால் இப்படி ஒரு சுடரை ஏற்றமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு அந்தப் பூங்காவின் மேல் வருத்தம் உண்டு, ஆனால் அது வேறு. 1894இல் ஜப்பான் சீனாவோடு போரிட்டபோதே அதன் படைத் தலைமையகம் அமைந்த ஊர் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு அங்கே இருந்தவர்களில் ஜப்பான் தன் ஆட்சிக்குள் வைத்திருந்த கொரியாவின் மக்களும் ஏராளம். கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு 1970இல் எழுந்த நினைவுச்சின்னம் பூங்காவுக்கு வெளியே, ஆற்றின் அக்கரையில் நின்றது. 'யாருடைய பிழை' என்ற உங்கள் கேள்வியை அங்கே நின்று கேட்டால் வேறு பதில் வந்திருக்கும். அந்த 'ஓம்' அப்போது 'நாங்கள்' மட்டும்தான். இறந்தவர்களின் ஆன்மா ஆமையின் முதுகிலேறி விண்ணுக்குப் போகும் என்ற நம்பிக்கையில், அந்தத் தூணைக் கல்லில் செதுக்கிய ஆமை ஒன்றின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். 1999இல்தான் அதைப் பூங்காவுக்குள் கொண்டுவந்தார்கள். ஓர் ஆற்றைக் கடக்க அந்த ஆமைக்கு 29 ஆண்டுகள் ஆயின.