வாசகர் கேள்வி பதில்: ஸ்டார்னவே போகும் முன் நாலு வார்த்தை கேலிக்

கேள்வி: எனக்கு ஸ்காட்லாந்தில் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டார்னவே ஊரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வயசானவர்கள் கேலிக் என்கிற மொழி பேசுவார்களாம். ஆங்கிலம் போதாதா? போவதற்குள் என்னென்ன கற்றுக்கொள்ளலாம்? (கோத்தகிரி வாசகி)

பதில்: முதலில் வாழ்த்துகள், சகோதரி. வேலைக்கு ஆங்கிலம் தாராளமாகப் போதும். அங்கே கேலிக் பேசுகிற பெரியவர்களுக்கு ஆங்கிலமும் நன்றாகவே வரும். ஆனாலும் படியுங்கள் என்றுதான் சொல்வேன். படுக மொழி பேசுகிற ஒரு பாட்டி உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, பக்கத்தில் வருகிற நர்ஸ் அவர் மொழியிலேயே ரெண்டு வார்த்தை கேட்டால் அந்த முகம் எப்படி மாறும் என்று கோத்தகிரிக்காரரான உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஸ்டார்னவேயிலும் அதேதான்.

காலை வணக்கத்துக்கு "மத்தின் வஹ்". மதியம் தாண்டினால் "ஃபெஸ்கர் மஹ்". இரவு டியூட்டி முடித்துக் கிளம்பும்போது "ஓய்ஹெ வஹ்". நலம் விசாரிக்க "கிமர ஹா ஷிவ்?", இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க அதன் பின்னால் "அன் ஜூ" சேர்த்துக்கொள்ளுங்கள். "ஹா கு மஹ்" என்று பதில் வந்தால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நன்றிக்கு "தஹ்ப்ப லேவ்". மன்னிக்கணும் என்பதற்கு "ஹா மி துலிஹ்". அப்புறம் அந்தத் தீவில் நீங்கள் தினமும் கேட்கப்போகிற ஒரு வாக்கியம் "ஹா அன் துஷ்க்ய அவுன்", அதாவது மழை பெய்கிறது. ஜூலை மாசத்துக் கூடலூரில் இருந்து பழகியவர்களுக்கு இதை மனப்பாடம் செய்ய ரொம்ப நேரம் ஆகாது.

இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். நீ என்பதற்கு "ஊ", நீங்கள் என்பதற்கு "ஷிவ்". பலரைப் பார்த்துப் பேசவும் ஷிவ்தான், மரியாதைக்கும் ஷிவ்தான், நம்முடைய நீங்கள் போலவே. நன்றி சொல்லும்போதும் இந்த வித்தியாசம் வரும்: சின்னப் பையனுக்கு "தஹ்ப்ப லெத்", தாத்தாவுக்கு "தஹ்ப்ப லேவ்". நோயாளிகளிடம் எப்போதும் ஷிவ், லேவ் என்றே பழகிவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது வழிப்பலகைகளையும் படித்துப் பாருங்கள், அந்தத் தீவுகளில் ஊர்ப்பெயர் முதலில் கேலிக்கில்தான் எழுதியிருக்கும்.

கேள்வி: கேலிக்கும் ஐரிஷும் ஒன்றா? (ஊட்டி)

பதில்: ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் இன்றைக்கு இரண்டு தனி மொழிகள். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியைக் "காலிக்" என்பார்கள், அயர்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியை "கேல்கெ" என்பார்கள். மான் தீவின் மாங்ஸ் மொழியும் இந்தக் குடும்பம்தான். ஐரிஷ் 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஸ்காட்லாந்தில் 2005-இல் கேலிக்குக்காக ஒரு சட்டம் வந்தது, 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன்னொரு சட்டம் அதற்கு அதிகாரபூர்வத் தகுதி கொடுத்தது. 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் ஓரளவாவது கேலிக் தெரிந்தவர்கள் 1,30,161 பேர், 2011 கணக்கைவிட இது அதிகம்.

கேள்வி: எழுத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எழுதியிருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. இதற்கு விதி ஏதாவது உண்டா? (குன்னூர்)

பதில்: உண்டு, ஆங்கிலத்தைவிட ஒழுங்கான விதியே உண்டு. மொத்தம் 18 எழுத்துகள்தான். அதில் வி இல்லை. அதனால் வகர ஓசை வேண்டும்போது எம் (M) அல்லது பி (B) எழுத்துக்குப் பக்கத்தில் ஹெச் போடுகிறார்கள். மஹ் என்றால் நல்ல. அதுவே சில சொற்களுக்குப் பின்னால் வரும்போது மெலிந்து வஹ் ஆகிவிடும், மேலே மத்தின் வஹ் என்றும் ஃபெஸ்கர் மஹ் என்றும் இரண்டு மாதிரி எழுதியிருந்தது அதனால்தான். டி (T), ஹெச் சேர்ந்தால் வெறும் ஹ. இந்த மூன்றும் மனசில் நின்றாலே பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதி, ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வருகிறது. இதை நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். தஹ்ப்ப என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் பார்த்ததும் நம் ஆட்கள் "டபாத்" என்று நாக்கை மடித்துவிடுகிறார்கள். வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று தாத்தா என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்பல்லின் பின்பக்கம் அழுத்தமாக ஒட்டி விலகுகிறதா? கேலிக்கில் தடித்த டி என்று சொல்வது அந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆங்கிலக்காரர்கள் பாடுபட்டுப் பழகுகிற ஒலி நமக்குத் தாத்தா காலத்திலிருந்தே வாயில் இருக்கிறது. லாஹ் என்று ஏரிக்குச் சொல்கிறார்களே, அந்தத் தொண்டை ஒலிக்கு அஃது என்பதில் வருகிற ஆய்தத்தைக் கொஞ்சம் உரசிச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். அதனால் காதால் கேளுங்கள், கேட்டதை உங்கள் நோட்டில் தமிழில் எழுதுங்கள், பிறகுதான் அவர்கள் எழுத்தைப் பாருங்கள். தமிழ் எழுத்தில் எல்லா ஒலியும் அடங்காதுதான், ப என்று எழுதினால் எந்த ப என்று குழப்பம் வரும். அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ கோடோ வைத்துக்கொண்டால் போச்சு.

கேள்வி: தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்காகக் கேலிக் படிக்கலாம் என்று பேத்தி சொல்கிறாள். இந்த வயதில் இலக்கணம் மண்டையில் ஏறுமா? (கொடைக்கானல்)

பதில்: ஐயா, உங்களுக்குத்தான் சீக்கிரம் ஏறும். விளி வேற்றுமையை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள். கண்ணன் கூப்பிடும்போது கண்ணா ஆகிறான் அல்லவா? கேலிக்கிலும் பெயர் கூப்பிடும்போது மாறும், ஆனால் கடைசியில் மட்டுமில்லை, முதலெழுத்திலேயே. மாரி என்ற பெண்ணைக் கூப்பிட்டால் "அ வாரி". ஷேமஸ் என்பவரைக் கூப்பிட்டால் "அ ஹேமிஷ்". ஆங்கிலத்தில் ஹேமிஷ் என்று ஒரு பெயர் இருப்பதே இந்த விளியைக் கேட்டு எடுத்துக்கொண்டதுதான்.

அப்புறம், என்கிட்ட புத்தகம் இருக்கு என்கிறோம். அவர்களும் அப்படியே "ஹா ல்யோர் அக்கம்" என்று, புத்தகம் என்னிடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலம் போல "நான் வைத்திருக்கிறேன்" என்கிற வினையே அந்த மொழியில் கிடையாது. பசிக்கும் "ஹா அன் தஹ்க்ரஸ் ஓரம்", பசி என்மேல் இருக்கிறது. நாம் எனக்குப் பசிக்கிறது என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம், அவர்கள் "மேல்" போடுகிறார்கள். இரண்டு பேருமே பசியைத் தானாக வருகிற ஒன்றாகத்தான் பார்க்கிறோம். ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொல்லும் இல்லை. சோர்வாக இருக்கிறீர்களா, "அ வேல் ஷிவ் ஸ்கீ?" என்று கேட்டால் "ஹா", இருக்கிறேன் என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிற நமக்கு இது புதுசா என்ன?

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நமக்கு வினை கடைசியில் வரும், அவர்களுக்கு முதலில். ஆரம்பத்தில் தடுக்கும், பழகிவிடும். பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, இரண்டு பேர் கேள்வியும் பதிலுமாகப் படிப்பதுபோல் வராது.

கேள்வி: டப்ளினில் படிக்கிற நண்பனுக்குப் பரீட்சை வருகிறது. ஐரிஷில் குட் லக் எப்படிச் சொல்வது? அதையே கையில் டாட்டூ குத்திக்கொள்ளவும் ஆசை. (கொடைக்கானல் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? நல்லா எழுதிட்டு வா என்பார்கள். ஐரிஷிலும் அந்த மாதிரிதான் பெரும்பாலும் சொல்வார்கள்: "கு நைரீ லியத்", உனக்கு நல்லபடியாக அமையட்டும் என்று. நிறையப் பேருக்குச் சேர்த்துச் சொன்னால் கடைசிச் சொல் "லிவ்" ஆகிவிடும். அதிர்ஷ்டம் என்ற சொல்லையே வைத்துச் சொல்ல வேண்டுமானால் "ஆ மோர் ஓர்த்". ஆ என்பதுதான் அதிர்ஷ்டம், மோர் என்றால் பெரிய, ஓர்த் என்றால் உன்மேல். இதுவும் எல்லாரும் சொல்வதுதான். ஸ்காட்லாந்து நண்பனாக இருந்தால் "குர் மஹ் அ ஹேஜ் லெத்", பெரியவர்களுக்கு லேவ். அங்கே அதிர்ஷ்டத்துக்கு ஃபோர்த்தன், ஷலவ் என்று சொற்கள் இருக்கின்றன, ஷலவ் என்பதற்கு உடைமை என்றும் பொருள் உண்டு. ஆனாலும் வாசலில் நின்று வழியனுப்பும்போது குர் மஹ் என்று ஆரம்பிக்கிற வாழ்த்துதான் பொருத்தம்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது வேறொன்று. அயர்லாந்தில் வயலிலோ வீட்டிலோ வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போகும்போது "பல் ஓ யீய எர் அன் உபர்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. இந்த வேலைக்குக் கடவுளின் ஆசி கிடைக்கட்டும் என்று அர்த்தம். மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முதுகில் கூடையோடு, காலையிலிருந்து கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஒரு வாழ்த்து நம்மிடமும் தினப்பழக்கமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

டாட்டூ விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்பட வேண்டாம். ஐரிஷில் உயிரெழுத்தின் தலையில் போடுகிற சாய்கோட்டை விட்டால் சொல்லே மாறிவிடும். ஷான் என்ற ஆண் பெயரில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் கிழடு என்று பொருள் தருகிற சொல்தான் மிஞ்சும். ஐரிஷ் கோடு ஒரு பக்கம் சாயும், ஸ்காட்லாந்துக் கோடு எதிர்ப்பக்கம் சாயும். மொழிபெயர்க்கிற ஆப்பை நம்பிக் குத்திக்கொண்டால் அப்புறம் அழிக்கப் படுகிற வலி அதிகம். மொழியைச் சரளமாகப் பேசுகிற இரண்டு பேரிடமாவது எழுத்தைக் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள். நண்பனுக்கு வாழ்த்துதான் சொல்ல வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள், அதுவே அவனுக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: நாம் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வருவதுபோல் அங்கேயும் நல்லது கெட்டது பார்ப்பார்களா? (குன்னூர்)

பதில்: பார்ப்பார்கள் அம்மா, நன்றாகவே பார்ப்பார்கள். புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் கறுத்த முடியுள்ள ஆணாக இருந்து, கையில் ஒரு துண்டு கரியோ ரொட்டியோ விஸ்கியோ கொண்டுவந்தால் வருஷம் முழுக்க நல்லது என்பது ஸ்காட்லாந்து முழுவதும் உள்ள நம்பிக்கை. அன்றைக்குச் சொல்வது "ப்ளீயன வஹ் ஊர்", புத்தாண்டு வாழ்த்துகள்.

இன்னும் உங்களுக்கு நெருக்கமாக ஒன்று சொல்கிறேன். கோயிலை நாம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோமோ அதே பக்கமாக, சூரியன் போகிற திசையில் சுற்றுவதை கேலிக்கில் "ஜெஷல்" என்பார்கள். அது நல்லது. எதிர்ப்பக்கம் சுற்றுவது "துவஹல்", அது ஆகாது. படகை எடுக்கும்போதுகூட முதலில் ஜெஷலாக ஒரு சுற்றுத் திருப்பிவிட்டுக் கிளம்புவது பழைய வழக்கம். ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் அந்தத் தீவுகளைப் பற்றி எழுதி 1703-இல் வெளிவந்த நூலில், பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் சுற்றி நெருப்பை ஏந்தி வலம் வருவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஜெஸ் என்ற மூலச்சொல்லுக்கு வலது என்றும் பொருள், தெற்கு என்றும் பொருள். கிழக்கே பார்த்து நின்றால் வலது கை தெற்கே இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. பிரதட்சிணம் என்பதில் உள்ள தட்சிணமும் இதே இரண்டு பொருளையும் தருகிறது. மொழியியலில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

கேள்வி: எங்கள் பக்கத்து எஸ்டேட் பெயர்களில் கேலிக் இருக்கிறதா? (ஊட்டி)

பதில்: இருக்கிறது. கிளன்மார்கன், கிளன்டேல் இரண்டிலும் உள்ள கிளன், "க்ளவுன்" என்கிற கேலிக் சொல்லிலிருந்து வந்தது, பள்ளத்தாக்கு. ஊட்டி கேர்ன்ஹில்லில் உள்ள கேர்ன் "கார்ன்" என்கிற கற்குவியல். தோட்டம் போட வந்தவர்களோடு இந்தச் சொற்களும் கூடவே வந்துவிட்டன.

கேள்வி: எங்கள் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காது. சொல்லித்தரவும் ஆள் இல்லை. எப்படிப் படிப்பது? (கூடலூர்)

பதில்: மொழி கற்றுத்தருகிற டுவோலிங்கோ ஆப்பில் ஐரிஷ் 2014 முதலும் ஸ்காட்டிஷ் கேலிக் 2019 கடைசியிலிருந்தும் இருக்கிறது, இலவசம். ஆரம்பத்துக்கு அது போதும், ஆனால் அதோடு நிறுத்தினால் பேச்சு வராது. லேர்ன்கேலிக் என்ற இணையதளத்தின் அகராதியில் சொல்லைத் தட்டினால் உச்சரிப்பைக் கேட்கலாம். 2021-இல் ஆரம்பித்த ஸ்பீக்கேலிக் பாடங்கள் அன்றாடப் பேச்சுக்கென்றே செய்தவை. ஐரிஷ் படிக்கிறவர்கள் 1972-இலிருந்து ஒலிபரப்பாகிற ரேடியோ நா கேல்டக்டாவை இணையத்தில் கேட்கலாம். டவுனுக்கு வரும்போது, டவர் இருக்கிற இடத்தில் உச்சரிப்புகளைக் கேட்டு, கூடவே நீங்களும் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஐந்து வாக்கியம் போதும், அதற்கு மேல் வேண்டாம். வீட்டில் யாரையாவது பிடித்து "மத்தின் வஹ்" என்று சொல்லி, அவர்களையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். ஸ்டார்னவே கிளம்புகிற கோத்தகிரி சகோதரிக்கும் இதே வழிதான். அவருக்கு, "குர் மஹ் அ ஹேஜ் லேவ்".