நாகமலை அடிவாரத்தில் மூன்று நாள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதன்முறையாகத் தனியாக ஓர் ஊருக்குப் போய்வர ஆசை. என்னோடு பள்ளியில் படித்த தோழி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். நாகமலைப் புதுக்கோட்டையில் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். "வந்து மூணு நாள் இரு" என்கிறாள். வீட்டில் சொன்னால், "அங்க என்ன இருக்கு, காலேஜும் மலையும்தான். கோயில் பக்கத்துல ரூம் போட்டாலாவது நாலு இடம் பார்க்கலாம்" என்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று. கையில் 2000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். மே மாதம் லீவு கிடைக்கும். அந்தப் பக்கம் தங்குவதில் பிரயோஜனம் உண்டா? நீங்கள் அங்கே படித்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள தங்கைக்கு,

தோழி வீட்டிலேயே தங்குங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம்.

மே மாதம் விடுமுறை. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பகுதியே அடங்கிவிடும். பாதி மெஸ் மூடியிருக்கும், சாயங்காலத் தள்ளுவண்டிகள் வராது, ராத்திரி வரை பைண்டிங் போட்டுக்கொண்டிருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார். வெயில் வேறு. அந்தப் பாறைகளில் பத்து மணிக்கு மேல் உட்காரக்கூட முடியாது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க என்று சித்திரையில் வந்தால் அது வேறு பயணம், அதற்கு நகரத்துக்குள்தான் இருக்க வேண்டும். நீங்கள் ஆவணியிலோ, இல்லை தை மாசியிலோ வாருங்கள். சனி ஞாயிறோடு வகுப்பு நடக்கிற ஒரு வெள்ளிக்கிழமையும் சேர்ந்திருக்கட்டும்.

சிங்காநல்லூரில் மதுரை பஸ் ஏறினால் ஆரப்பாளையத்தில் இறங்குவீர்கள். தேனி, உசிலம்பட்டிப் பக்கம் போகிற வண்டிகளும் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால் நகரத்துக்குள் போகவே தேவையில்லை. அவசரமில்லை என்றால் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் சரி. உங்கள் 2000 ரூபாயில் கோவை போக வர ஆகும் பஸ் செலவை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மீதி மூன்று நாளைக்குத் தாராளமாகப் போதும்.

காளவாசல் தாண்டித் தேனி சாலையில் வண்டி வேகம் எடுத்ததும் வலது பக்கம் கூடவே ஒரு மலை நீளமாக ஓடி வரும். அதுதான் நாகமலை. பாண்டியனை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஒரு நாகத்தை ஏவினார்கள், சொக்கநாதர் அருளால் பாண்டியன் அம்பெய்து அதை வீழ்த்தினான், அது மலையாகக் கிடக்கிறது என்பது திருவிளையாடல் கதை. யானையாக வந்தது ஆனைமலை, பசுவாக வந்தது பசுமலை. சாலைக்கு இடது பக்கம், கொஞ்சம் உள்ளே தள்ளி, சமணர் மலை இருக்கிறது. வலது பக்கம் சமணரைப் பழித்த கதை, இடது பக்கம் அந்தச் சமணர்களே வெட்டி வைத்த எழுத்து. நடுவில் நம் பஸ். முதல் தடவை எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பல்கலைக்கழகம் 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாக ஆரம்பித்தது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார்தான் முதல் துணைவேந்தர். காமராசர் பெயர் 1978-இல் வந்தது. நகரத்திலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, அடிவாரத்துப் பொட்டலில் கட்டினார்கள். அதற்குச் சற்று முன்னாலேயே நாகமலைப் புதுக்கோட்டை. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும் இந்தப் பக்கம்தான் என்பதால் இளங்கலைப் பிள்ளைகள் கூட்டம் ஒரு பக்கம், முப்பது வயதைத் தாண்டியும் ஆய்வேட்டை முடிக்கப் போராடுகிறவர்கள் இன்னொரு பக்கம், நெட் தேர்வுக்கும் குரூப் தேர்வுக்கும் அறை எடுத்துப் படிக்கிறவர்கள், அஞ்சல் வழியில் பதிந்துவிட்டு இடுப்பில் குழந்தையோடு சான்றிதழ் வாங்க வந்து நிற்கும் பெண்கள் என்று ஒரே டீக்கடை பெஞ்சில் எல்லோரையும் பார்க்கலாம். நீங்கள் எதையும் தேடிப் போக வேண்டாம். காலை ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு டீயோடு உட்கார்ந்தால் போதும், அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள்.

சாப்பாட்டுக்கு மெஸ்தான். மாசக் கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் ஒரு வேளைக்குக் காசு கொடுத்தும் சாப்பிடலாம், காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது. சாயங்காலம் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் சால்னா தயார் என்று அர்த்தம். பருத்திப்பால் குடித்ததில்லை என்றால் கட்டாயம் குடியுங்கள், பருத்திக் கொட்டையை ஆட்டிப் பால் எடுத்துக் கருப்பட்டியோ வெல்லமோ போட்டுக் காய்ச்சியது, சுக்கு வாசம் தொண்டையில் நிற்கும். குளிருக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள், வெயில் காலத்திலும் குடிப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மலிவு என்று கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தக் கடைகளில் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த விலை நமக்காக வைத்தது இல்லை. வருடம் முழுவதும் அங்கேயே மூன்று வேளையும் சாப்பிட்டாக வேண்டிய பிள்ளைகளை நினைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவை எடுத்து ஊற்றுகிற ஒருவர் தன் லாபத்தைக் குறைத்து வைத்த விலை. நான் படித்தபோது வர வேண்டிய உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. சாலையோரம் கீற்றுக் கொட்டகையில் இட்லிக் கடை போட்டிருந்த ஓர் அக்கா, நாற்பது பக்க நோட்டில் என் பெயரை எழுதி, கணக்கு வைத்துக்கொண்டு சாப்பாடு போட்டார். பணம் வந்த அன்றைக்கே ஓடினேன். நோட்டைப் புரட்டிக் கூட்டினால் நான் மனசில் வைத்திருந்த தொகையைவிடக் குறைவாக வந்தது. கூட்டல் தப்பு என்று சொன்னேன். பரீட்சை நடந்த நாட்களுக்கு அவர் எழுதவே இல்லை. "பரிச்சைக்குப் போற புள்ளகிட்ட என்னத்தக் கணக்குப் பாக்குறது" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆளுக்குத் தட்டு வைக்கப் போய்விட்டார். அதனால் கேட்கிற காசைக் கொடுங்கள், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மெஸ்ஸில் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும்.

உதவித்தொகை வந்த அந்த வாரம்தான் நாங்கள் வகுப்பாகச் சமணர் மலைக்குப் போனோம். நீங்களும் போகத்தான் போகிறீர்கள். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து தெற்கே கீழக்குயில்குடி, நாலு கிலோமீட்டருக்குள் இருக்கும், விடியலில் நடந்தே போய்விடலாம். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், டீக்கடை. டிக்கெட் கிடையாது. படியேறினால் பேச்சிப்பள்ளம், ஒரு சுனை, அதன் மேல் பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று வரிசையாகச் சிற்பங்கள். மேலே இன்னும் ஏறினால் பாண்டியர் காலத்தில் சமணத் துறவிகள் தங்கியிருந்த ஒரு பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பலர் அதோடு இறங்கிவிடுவார்கள். நீங்கள் மலையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக்கும் போங்கள். புடவு என்றால் குகை. முகப்பில் பெரிதாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, அதாவது சமணர் வணங்கும் குருவை, ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் வந்தது. உள்ளே சிங்கத்தின் மேல் ஏறி யானையோடு சண்டை போடும் ஒரு பெண் தெய்வம் இருக்கிறாள், அவளைப் பார்க்காமல் வரக்கூடாது.

பெரிய சிற்பத்துக்குக் கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்தில், ஒரு கல்வெட்டு. எங்கள் ஆசிரியர் விரலை ஓட்டி ஓட்டி வாசித்தார். குறண்டியைச் சேர்ந்த ஒரு துறவி, அவருடைய மாணாக்கர் குணசேனதேவர், அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள், அவர் "குயிற்குடி ஊரார் பேரால்" செய்வித்த திருமேனி இது. ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்கும். படிக்க வந்த ஒருவர், தன் பெயரோடு நிறுத்தாமல், ஊர் பெயரில் ஒரு சிற்பம் வைத்திருக்கிறார் என்றால் அந்த ஊர் அவருக்கு என்ன செய்திருக்கும்? சமணத் துறவிகளுக்குச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இல்லை, ஊரார் கொடுப்பதுதான் சாப்பாடு. எனக்கு அந்த நாற்பது பக்க நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் உங்கள் வீட்டில் சொல்கிற "அங்க என்ன இருக்கு" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படிக்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் சோறு போட்டு இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள், நேற்று இன்று இல்லை. பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கொங்கர் புளியங்குளம் போனால் இன்னும் பழசு, பாறையில் வெட்டிய கற்படுக்கைகள், மேலே வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழ் பிராமி எழுத்தில் அந்தப் படுக்கைகளைச் செய்து கொடுத்தவர்களின் பெயர், இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்டத்தட்ட. படுக்கைக்கும் பள்ளி என்றுதான் பெயர், நாம் படிக்கப் போன இடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர்.

எங்கள் காலத்தில் விலங்கியல்காரர்கள் வேறு காரணத்துக்காகக் குகைகளுக்குப் போவார்கள். பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், இருட்டுக் குகையில் இருக்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்று ஆராய்ந்தவர்கள். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய அந்த ஆய்வுகளுக்கு உலக அளவில் மதிப்பு உண்டு. அந்தி நேரத்தில் வளாகத்தில் இருந்தீர்கள் என்றால் தலைக்கு மேலே பாருங்கள். வளாகத்துக்குள் தோழியோடு போவதுதான் சரி, வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

மலைக்குத் தனியாகப் போகாதீர்கள். காலை ஆறிலிருந்து எட்டரை வரை நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைய இருப்பார்கள், பயமில்லை. செட்டிப்புடவுப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு, மத்தியானத்திலும் இருட்டும் நேரத்திலும் வேண்டாம். பசுமை நடை அமைப்பினர் 2010-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மலைகளுக்குக் கூட்டமாகப் போய்வருகிறார்கள், நீங்கள் வரும் வாரம் நடை இருக்கிறதா என்று தோழியை விசாரிக்கச் சொல்லுங்கள். பாறையில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள், சில இடங்களில் சிற்பத்துக்கு மிகப் பக்கத்திலேயே. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையே வந்துவிடும்.

ஒருநாளை நகரத்துக்கு வையுங்கள், ஆனால் கோயில் பக்கம் இல்லாமல் வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம், தல்லாகுளம். அதுவும் கல்லூரிப் பகுதிதான். 1881-இல் பசுமலையில் தொடங்கிப் பிறகு இங்கே வந்த அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்கள், மீனாட்சி கல்லூரி, 1948-இல் வந்த லேடி டோக், நடுவில் கோரிப்பாளையம் தர்கா. கொஞ்ச தூரத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம், கட்டணமில்லை. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஏழு தளம், வெயில் ஏறினால் அங்கே போய்ப் படித்துக்கொண்டிருக்கலாம், மாலை வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். பசித்தால் மாநகராட்சி அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய்.

அப்புறம், வீட்டுக்கார அம்மாவிடம் நீங்கள் வருவதைத் தோழி முன்னாடியே சொல்லிவிடட்டும். வாடகைக்கு இருக்கும் பெண் பிள்ளைகள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிற வழக்கம் நிறைய இடத்தில் உண்டு, நீங்கள் தாமதமாக வந்தால் பேச்சு வாங்குவது உங்கள் தோழிதான். மூன்று நாளைக்குத் தண்ணீர் கேனுக்கும் கேஸுக்கும் உங்கள் பங்கை, வேண்டாம் என்று சொன்னாலும், அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வாருங்கள். மூன்று பேர் சேர்ந்து கட்டும் வாடகையில் நாலாவது ஆள் தங்குவது சின்ன விஷயமில்லை.

தோழி வரலாறு படிப்பதால் அவளிடம் வட்டெழுத்தில் "மாணாக்கர்" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செட்டிப்புடவில் குனிந்து உட்கார்ந்து, தாளை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுத் தேடுங்கள். அந்தச் சொல் இரண்டு தடவை வரும். கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா