ஃபைட்டர் மீனின் வால் கிழிந்தால்: கேள்வி பதில்

சேலத்திலிருந்து: அண்ணா, என் ஹாஃப்மூன் ஃபைட்டரோட வால் ரெண்டு நாளா கந்தலா இருக்கு. கடையில நீல மருந்து கொடுத்தாங்க. எத்தனை சொட்டு ஊத்தணும்?

முதலில் பாட்டிலை மூடி வையுங்கள். வால் எப்படிப் போயிருக்கிறது என்று தெரியாமல் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வாலில் விசிறிக் கம்பி போல ஓடும் கதிர்களுக்கு நடுவே நேராகப் பிளந்து, ஓரத்தின் நிறம் மாறாமல் இருந்தால் அது வெறும் கிழிசல். பிளாஸ்டிக் செடி, கூரான கல், ஃபில்டரின் உறிஞ்சும் வாய், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். பழைய நைலான் காலுறையைத் தொட்டி அலங்காரப் பொருள்கள் மேல் இழுத்துப் பாருங்கள். அது எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் வாலும் மாட்டும்.

நேற்று இரவு முழுதாக இருந்த வாலில் காலையில் அரைவட்டமாக ஒரு துண்டு காணோம் என்றால், மீன் தானே கடித்திருக்கிறது. விரித்தால் அரைநிலா போல நிற்கும் பெரிய வால் கொண்ட ஹாஃப்மூன் வகைக்கு இந்தப் பழக்கம் அதிகம். வாலின் பாரமும் ஃபில்டர் நீரோட்டத்தின் வேகமும் சேர்ந்தால் அது தன் வாலையே கடித்துக் குறைக்கும்.

மூன்றாவது அழுகல். ஓரம் கறுத்தோ சிவந்தோ வெளுத்தோ போய், பிசிறு பிசிறாக நாளுக்கு நாள் உள்ளே ஏறும். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதைச் செய்கின்றன. அவை எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறி, மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் அவற்றின் கை ஓங்கும்.

கிழிசலுக்கும் கடிக்கும் சுத்தமான தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அழுகலுக்கும் முதல் மருந்து அதுதான். உங்களிடம் இருக்கும் நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருந்தால், அது முக்கியமாகப் பூஞ்சைக்கானது. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அப்புறம் அம்மோனியா ஏறும், வால் இன்னும் அழுகும்.

திருச்சியிலிருந்து: சுத்தமான தண்ணீர்னா எப்படி? 10 லிட்டர் தொட்டி. ஓரம் கறுத்திருக்கு.

சொட்டு டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கீழே இருக்க வேண்டும். முதல் நாள் 5 லிட்டர் மாற்றுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் 2.5 முதல் 3 லிட்டர் மாற்றினால் போதும். டியூபால் அடியில் கிடக்கும் கழிவையும் தின்னாத தீனியையும் உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் கலந்து, தொட்டியின் சூட்டுக்கே கொண்டுவந்து மெதுவாக ஊற்றுங்கள். 26 முதல் 27 டிகிரி சரியான சூடு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் அதிலுள்ள நல்ல பாக்டீரியாவை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மூன்று நாள் இப்படிச் செய்தும் கறுப்பு உள்ளே ஏறினால் உப்பு. லிட்டருக்கு 1 கிராம், அதாவது உங்களுக்கு 10 கிராம். கல் உப்பின் பருமன் கடைக்குக் கடை மாறும் என்பதால் ஸ்பூனை நம்பாமல் தராசில் நிறுங்கள். ஒரு மக் தொட்டித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மூன்று பங்காக்கி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு பங்கு ஊற்றுங்கள். கரையாத கல் மீன் மேல் விழுந்தால் தோல் புண்ணாகும். அடுத்த நாள் 3 லிட்டர் மாற்றினால் புதுத் தண்ணீரில் 3 கிராம்தான் சேர்க்க வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது உப்பே சேர்க்கக் கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாகாது. பத்து நாளுக்கு மேல் வேண்டாம். உயிர்ச்செடியோ நத்தையோ இருந்தால் மீனைத் தனி டப்பாவுக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள்.

மதுரையிலிருந்து: என் க்ரவுன்டெயிலுக்கு வால் முழுக்கக் கிழிஞ்சு முள்ளு முள்ளா நிக்குது சார்.

க்ரவுன்டெயிலின் வாலே அப்படித்தான். மீன் நன்றாக இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து: மஞ்சள் தூள் போட்டா புண் ஆறும்னு எங்க வீட்ல சொல்றாங்க. ஒரு சிட்டிகை போடலாமா?

போடாதீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. மிதக்கும் தூள் செவுளில் ஒட்டும். அடியில் படிந்தது அழுகி பாக்டீரியாவுக்குத் தீனியாகும்.

அதே நபர்: நம்ம கைப்புண்ணுக்குப் போட்டா ஆறுதே சார். இயற்கைப் பொருள்தானே, என்ன கெடுதல் வந்துடும்?

கையில் பூசியதை நீங்கள் மூச்சில் இழுப்பதில்லை. மீன் அந்தத் தண்ணீரைத்தான் செவுள் வழியாக இழுக்கிறது. கடைத் தூளில் நிறத்துக்காகக் கலப்படம் இருந்தால் அதுவும் செவுளுக்குத்தான் போகும்.

கோவையிலிருந்து ஒருவர் இடையில்: அப்ப வாதாம் இலையை மட்டும் எல்லாரும் போடச் சொல்றீங்களே. அதுவும் இயற்கைதானே? இதுல என்ன நியாயம்?

நல்ல கேள்வி, நேராகவே சொல்கிறேன். இயற்கையா செயற்கையா என்பது அளவுகோலே அல்ல. தண்ணீரில் என்ன கரைகிறது, எவ்வளவு கரைகிறது, மிச்சத்தை எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலையிலிருந்து டானினும் ஹியூமிக் அமிலமும் மெதுவாக இறங்கும். தண்ணீர் வெளிர் டீ நிறமாகும். பாக்டீரியா, பூஞ்சை இரண்டையும் ஓரளவு தடுக்கும். அதிகமாகிவிட்டால் இலையைக் கையால் எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றலாம், மஞ்சளை அப்படி எடுக்க முடியாது. தானே பழுத்து விழுந்து, பழுப்பாகக் காய்ந்த, பூச்சிமருந்து படாத உள்ளங்கை அளவு இலை ஒன்று 10 லிட்டருக்குப் போதும். கழுவிப் போட்டு, இரண்டு மூன்று வாரத்தில் சல்லடையாகும்போது மாற்றுங்கள். ஆனால் அம்மோனியா இருக்கும் தொட்டியில் நூறு இலை போட்டாலும் வால் ஆறாது. இலை துணைக்கு மட்டும்தான்.

கோவை: துளசி, வேப்பிலை?

வேப்பிலை வேண்டவே வேண்டாம், அதன் சாறு மீனுக்கு நஞ்சாகலாம். துளசியும் வேண்டாம், தண்ணீரில் ஊறி அழுகும். இந்தப் பேச்சை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்து: மெடிக்கல்ல டெட்ராசைக்ளின் கேப்ஸூல் வாங்கிப் பிரிச்சுப் போட்டா சீக்கிரம் சரியாகும்னு சொல்றாங்க.

டெட்ராசைக்ளின் கால்சியம், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடினத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் போட்டால் பெரும்பகுதி வேலை செய்யாமல் கட்டுண்டுவிடும். மிஞ்சியது ஃபில்டரைக் கெடுக்கும். அரைகுறை அளவில் கொடுத்தால் பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகியும் விடும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் கட்டம் உண்டு, அதை மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஈரோட்டிலிருந்து: 2 லிட்டர் பௌல். ஃபில்டர் இல்ல. வால் அழுகுது. என்ன மருந்து?

மருந்து இல்லை. 10 லிட்டருக்குக் குறையாத தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதுவரை பாதித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

நெல்லையிலிருந்து: சின்ன பௌல்தான் சார் வச்சிருக்கேன், வால்...

மேலே ஈரோட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூரிலிருந்து: வால் ஓரம் வெள்ளையா பஞ்சு மாதிரி. நேத்து நுனியில, இன்னைக்கு பாதி வரைக்கும். முதுகுலயும் வெளுப்பு. ஹீட்டரைக் கூட்டவா?

கூட்டாதீர்கள்! இவ்வளவு வேகமும் முதுகில் சேணம் போட்டது போன்ற வெளுப்பும் காலம்னாரிஸின் அடையாளம். பஞ்சு போலத் தெரிந்தாலும் அது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். சில மணி நேரத்தில் மெதுவாக 24, 25 டிகிரிக்கு இறக்குங்கள். ஏர் ஸ்டோன் போடுங்கள். மீனைத் தனியாக்கி, வலை, டியூப் எதையும் வேறு தொட்டியில் பயன்படுத்தாதீர்கள். இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீர் மாற்றிக்கொண்டு காத்திருக்கும் நிலை இது இல்லை.

தஞ்சாவூரிலிருந்து: அழுகின பகுதியை கத்தரிக்கோலால வெட்டிடலாமா? கோல்ட்ஃபிஷ் செதில் கொட்டுறதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

வெட்டாதீர்கள். வெட்டிய ஓரம் புதுப் புண், கிருமிக்குப் புது வாசல். கோல்ட்ஃபிஷ் பற்றி அதை வளர்ப்பவரைக் கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: வால் நுனியில கண்ணாடி மாதிரி ஒண்ணு தெரியுது. திரும்ப அழுகுதா?

இல்லை, வளர்கிறது. ஓரம் மெல்லியதாக, சீராக, ஊடே தெரியும்படி இருந்தால் புதுச் சவ்வு. நிறம் பிறகுதான் ஏறும், சில சமயம் பழைய நிறம் வராமலும் போகும். இந்தச் சவ்வு எளிதில் கிழியும், வலையில் பிடிக்க வேண்டாம், டம்ளரில் மொள்ளுங்கள். அழுகல் உடலை ஒட்டிய அடிப்பகுதி வரை போயிருந்தால் மட்டும் அந்த இடம் முழுதாக வளராமல் போகலாம்.

சேலம் மறுபடியும்: பார்த்தேன் அண்ணா. அரைவட்டமாதான் போயிருக்கு, கறுப்பு இல்ல. கடிதான். நிறுத்த வழி?

ஃபில்டர் காற்றை வால்வில் பாதியாகக் குறையுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே அகலமான இலைச் செடி ஒன்று கட்டுங்கள், அதில் படுத்து இளைப்பாறும். கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால் அந்தப் பக்கம் காகிதம் ஒட்டுங்கள். சில ஹாஃப்மூன் இதற்குப் பிறகும் கடிக்கும். ஓரம் கறுக்காத வரை அதற்கு உப்பும் வேண்டாம்.